ஒரு வாய் மழை

சம்மனசுபட்டியில் முதல் ஒயின் மழை ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்குப் பெய்தது. பெய்த இடம் சலேத்மேரி வீட்டு அடுப்படி. நனைந்தது அப்போதுதான் வடித்து இறக்கிய சோறு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் வாய் பிளக்க ஒன்றும் இருக்கவில்லை. மூன்று வருஷமாக மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதனால் வானத்திலிருந்து வந்தால் என்ன, கூரையிலிருந்து வந்தால் என்ன, பாட்டிலுக்குள்ளிருந்து வந்தால் என்ன, வந்தால் சரி என்ற நிலைமைக்கு நாங்கள் ஏற்கெனவே வந்திருந்தோம். சலேத்மேரிக்கு மட்டும் சோறு போச்சே என்று கோபம்.

பாட்டிலைக் கொண்டுவந்தவள் அவளுடைய தங்கை ஜெசிந்தா. புதுச்சேரியில் ஒரு பெரிய ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கு சூப்பர்வைசர். அக்காவின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குப் புடவையும் இனிப்பும் வாங்கியதுபோக, துண்டில் சுற்றி ஒரு சிவப்பு ஒயினும் எடுத்து வந்திருந்தாள். "ஊரைச் சுத்தித் திராட்சைப் பந்தலா இருக்கு, ஒருத்தர்கூட ஒயின் குடிச்சதில்லைன்னு சொன்னா எங்க ஓட்டல்ல சிரிக்கிறாங்கக்கா" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். எங்களுக்கும் திராட்சைக்கும் உள்ள உறவு, கவாத்து வெட்டுவது, மருந்தடிப்பது, பறிப்பது, பெட்டியில் அடுக்கி லாரி ஏற்றுவது என்பதோடு முடிந்தது. கிறிஸ்துமஸுக்குச் சில வீடுகளில் ஜாடியில் சர்க்கரை கொட்டி ஊறப்போடுவது உண்டு, அதைக் கேக்கோடு சேர்த்துப் பாகு மாதிரி நக்குவோமே தவிரக் குடிப்பது என்று சொல்ல முடியாது. டவுனில் 'ஒயின் ஷாப்' என்று பெரிதாக எழுதிய கடை ஒன்று இருந்த காலத்தில்கூட அங்கே ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்தது.

பாட்டிலில் மரை இல்லை, தக்கை இருந்தது. சலேத்மேரியின் கணவர் இன்னாசிமுத்து ஸ்க்ரூடிரைவரால் குத்தினார், குறட்டால் இழுத்தார், கடைசியில் ஆணியடிக்கிற சுத்தியலின் கைப்பிடியால் தக்கையை உள்ளேயே தள்ளிவிட்டு, "இப்பத் தெறந்துருச்சுல்ல" என்றார். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, கஷாயம் குடிக்கிற முகத்தோடு ஒரே மடக்கில் விழுங்கினார். அந்த நேரத்தில் வாசலில் நிறுத்தியிருந்த அவருடைய மொபெட்டின் சீட்டில் மூன்று சொட்டு விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஜெசிந்தா அப்படிக் குடிக்கவில்லை. ஓட்டலில் பார்த்துப் பழகியபடி டம்ளரைச் சுழற்றினாள், மூக்கை உள்ளே விட்டாள், ஒரு வாய் எடுத்து நாக்கின் எல்லாப் பக்கத்துக்கும் அனுப்பிவைத்து மெதுவாக இறக்கினாள். அவள் தலைக்கு மேலே ஓட்டுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முறம் அகலத்துக்கு மேகம் கூடி, பொடித் தூறலாகப் பெய்ய ஆரம்பித்தது. வாயில் ருசி இருந்தவரை பெய்தது. ருசி போனதும் நின்றது.

ஒரு வாரத்துக்குள் மழையின் குணம் எங்களுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. எந்த வருஷத்துத் திராட்சையில், எந்த ஊர்த் தோட்டத்தில் அந்த ஒயின் பிறந்ததோ, அந்த வருஷம் அந்த ஊரில் பெய்த மழைதான் பெய்யும். மடக்கென்று விழுங்கினால் மூன்று சொட்டு, ருசித்து இறக்கினால் ருசி நிற்கும்வரை. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், அது எங்கே பெய்யும் என்பது. குடித்தவர் பேரில் நிலம் இருந்தால், அவர் எந்தத் திண்டில் உட்கார்ந்து குடித்தாலும் மழை போய் அந்த நிலத்தின் மேல்தான் பெய்யும், வரப்பைத் தாண்டி ஒரு சொட்டு விழாது. நிலம் இல்லாதவர்களுக்கு அவர்கள் பேரில் என்ன இருக்கிறதோ அதன்மேல். ஒன்றுமே இல்லாத ஜெசிந்தா மாதிரி ஆட்களுக்குத் தலைமேல். தாலுகா ஆபீசில் வருஷக்கணக்காக நடந்தும் தெரிந்துகொள்ள முடியாத பட்டா விவரமெல்லாம் அந்த மழைக்குத் தெரிந்திருந்தது.

இதில் மாட்டிக்கொண்டவர் எங்கள் ஊராட்சித் தலைவர். மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலை ஊர் மந்தையில் நாலு பேர் பார்க்கத் திறந்து, பழகியவர் மாதிரி கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார். மலையடிவாரத்தில், அது என் மச்சினனுடையது, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் பத்து வருஷமாகச் சொல்லிவந்த ஆறு ஏக்கர் தென்னந்தோப்பின் மேல் படபடவென்று ஆலங்கட்டி கொட்டியது. நாங்கள் எல்லோரும் மந்தையிலிருந்தபடியே அந்த வெள்ளையைப் பார்த்தோம். தலைவர் "குளிர் ஊரு ஒயினு, அப்படித்தான் இருக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு சில பெரிய மனிதர்கள் திடீரென்று குடியின் தீமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

கோயிலில் அதைவிட நயமான சிக்கல் ஒன்று எழுந்தது. தினமும் காலையில் பூசையில் ஒயின் குடிக்கிறவர் பங்குச் சாமியார் அமலதாஸ். அப்படியானால் கோயில் நிலத்தில் தினமும் மழை பெய்திருக்க வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒருவர் கேட்டேவிட்டார். சாமியார் யோசிக்கவே இல்லை. "நான் குடிக்கிறப்போ அது ஒயின் இல்லையே அப்பா, ஆண்டவரோட ரத்தம்" என்றார். கேட்டவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார், எங்களுக்கும் அது சரியாகப் பட்டது. பெண்கள் குடிக்கலாமா என்பதற்கு மட்டும் புத்தகம் பார்த்துச் சொல்கிறேன் என்று போனவர், மூன்றாம் நாள் வந்து, வெள்ளை ஒயினுக்கும் மழை வருமா, எவ்வளவு நேரம் வரும் என்று விசாரித்தார். அதையே நாங்கள் அனுமதியாக எடுத்துக்கொண்டோம். தோட்டக்கலைத் துறையிலிருந்து அலுவலர் அம்மா ஒருவர் கணக்கெடுக்க வந்தபோது படிவத்தில் கிணறு, ஆழ்துளை, கால்வாய், இதர என்று நான்கு கட்டங்கள் இருந்தன. அவர் ஊரைப் பார்த்தார், ஈர மண்ணைப் பார்த்தார், 'இதர' என்பதில் ஒரு டிக் போட்டுவிட்டு எங்கள் வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

கற்றுக்கொள்வதில் நாங்கள் செய்யாத கூத்து இல்லை. முதலில் பழக்கதோஷத்தில் சோடா ஊற்றினோம். மழை நுரையாக விழுந்து, வாழையிலையெல்லாம் ஒரு மணி நேரம் புஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கசக்கிறது என்று சர்க்கரை கலக்கினோம். பிசுபிசுவென்று பெய்து, ஏழு ஊர் எறும்பும் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அப்புறம்தான் புத்தி வந்து ஒயினை ஒயினாகவே விட்டோம். எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியவில்லை என்று டீக்கடைக் கண்ணாடி கிளாஸ்கள் இரண்டு டஜன் வாங்கினோம். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நாவல்பழச் சாறு மாதிரி இருப்பது வேறு, மாதுளை முத்து மாதிரி இருப்பது வேறு என்று பார்க்கக் கற்றோம். வெள்ளையைக் குளிரவைத்துக் குடித்தால் விதை நாற்றுக்கு ஏற்ற பூந்தூறல், சிவப்பைச் சும்மா மண்பானைக்குப் பக்கத்தில் வைத்துக் குடித்தால் வேர்வரை இறங்குகிற கனமழை என்று தெரிந்துகொண்டோம். கடையில் போய், இருப்பதிலேயே விலை கூடினதைக் குடு என்று கேட்பதை விட்டுவிட்டு, லேபிளைத் திருப்பி ஊரையும் வருஷத்தையும் படித்து, "அந்த வருஷம் நாசிக் பக்கம் நல்ல மழை, போன வருஷத்து வேணாம், அப்ப அங்க பஞ்சம்" என்று பேசுகிற அளவுக்கு வந்தோம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் பின்னால் தூசி படிந்து கிடந்த அலமாரியைத் துடைத்து முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

தினமும் மாலை நாலரை மணிக்குப் பெருமாயி தோட்டத்துப் பந்தலுக்குக் கீழே கூடுவோம். பெருமாயி சலேத்மேரியின் பக்கத்துத் தோட்டக்காரி, புகையிலை போடுகிற வாய், யாருக்கும் பயப்படாத வாய். ஆரம்பத்தில் "பொம்பளைக குடிக்கிறதாவது" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டவளும் அவள்தான். ஜெசிந்தா குடித்துக்காட்டியதைப் பார்த்துவிட்டு, வேப்பங்குச்சியால் பல்லை நன்றாக விளக்கிவிட்டு வந்து முதல் ஆளாகக் கிளாஸை நீட்டியவளும் அவள்தான். ஒரு வாய் குடித்துவிட்டு அவள் சொன்னது இன்றும் எங்களுக்கு மனப்பாடம். "மொதல்ல ஈரச் சாக்கு வாசம். அப்பறம் கொடுக்காப்புளித் துவர்ப்பு. கடேசில யாரோ சொந்தக்காரங்க வந்துட்டுப் போன மாதிரி இருக்கு." அவள் தோட்டத்தில் கால் மணி நேரம் பெய்தது. நான்காவது நாள் கவாத்து வெட்டின அவளுடைய கொடிகளில் சோளப்பொரி மாதிரி மொட்டு வெடித்தது.

பக்கத்து வரப்புக்கு அந்தப் பக்கம் சலேத்மேரியின் தோட்டம் காய்ந்து கிடந்தது.

அந்தத் தோட்டம் ஒரு ஏக்கர், அவள் அப்பா கல்யாணத்துக்கு அவள் பேரில் எழுதிக்கொடுத்தது. ஒவ்வொரு கொடியையும் அவள் கையால் நட்டிருந்தாள். ஆனி மாதம் மழையை நம்பிக் கவாத்து வெட்டியாகிவிட்டது. வெட்டின கொடிக்குப் பத்து நாளில் தண்ணீர் காட்ட வேண்டும். மழை வரவில்லை, எழுநூறு அடி ஆழ்துளையில் மோட்டார் போட்டால் புழுதிதான் வந்தது. கல்தூண்களுக்கு மேலே கம்பிவலையில் கொடிகள் மொட்டைக் கயிறாகத் தொங்கின. செங்கல் சூளைக்காரர் ஒருவர் மண்ணுக்காக அந்த நிலத்தைக் கேட்டு வந்தார். இன்னாசிமுத்து கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். மாதா திருவிழா வரைக்கும் பார்ப்போம், அதற்குள் துளிர்க்கவில்லையென்றால் தூணைப் பிடுங்கிவிட்டு நிலத்தைக் கொடுத்துவிட்டு, திருப்பூரில் மகன் வீட்டோடு போய் இருந்துவிடுவோம் என்று மனைவியிடம் சொன்னார். சலேத்மேரி தினமும் விடிந்ததும் போய் ஏதாவது ஒரு கொடியின் பட்டையை நகத்தால் கிள்ளிப் பார்ப்பாள். உள்ளே பச்சை நூல் அளவுக்கு இருந்தது. இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

நிலம் அவள் பேரில் இருந்ததால் அவள்தான் குடிக்க வேண்டும். இன்னாசிமுத்து எவ்வளவு குடித்தாலும் மொபெட்தான் குளித்தது.

அவளுக்குக் குடிக்க வரவில்லை. ருசி பார்க்கத் தெரியாமல் இல்லை, அதில் அவளை மிஞ்ச எங்கள் பள்ளத்தாக்கிலேயே ஆள் கிடையாது. திராட்சை பறிக்கலாமா என்று பார்க்க, குலையின் அடி நுனியில் கடைசியாகப் பழுக்கிற பழத்தைப் பிய்த்துக் கடித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். நுனிப்பழம் இனித்தால் குலை முழுக்க இனிக்கும். கடித்துப் பார்ப்போமே தவிர விழுங்க மாட்டோம், மருந்தடித்த பழம், உடனே துப்பிவிடுவோம். கல்யாணமான புதிதில் தெரியாமல் விழுங்கிவிட்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள் சலேத்மேரி. அன்றிலிருந்து இருபத்தைந்து வருஷமாக நுனிப்பழத்தைக் கடித்து, "இன்னும் அஞ்சு நாளு" என்றோ "நாளைக்குப் பறிங்க" என்றோ சொல்லிவிட்டுத் துப்புவாள். லாரிக்காரர்களே மற்ற தோட்டத்துப் பழத்துக்கும் அவளைக் கூட்டிப்போய்க் கடிக்கச் சொல்வார்கள். அப்படிப்பட்ட நாக்கு.

ஒயினையும் அவள் அப்படித்தான் செய்தாள். தூணில் ஒரு கையை ஊன்றி நின்றபடி ஒரு வாய் எடுப்பாள். கண் சுருங்கும். "கொடிக்கு வயசு கம்மி. பறிக்கிறதுக்கு முந்தின வாரம் ஒரு மழை பேஞ்சிருக்கு. மரப்பீப்பாயில வச்சிருக்காக, கொஞ்சம் ஏலக்கா மூட்டை வாசம் வருது" என்பதையெல்லாம் மூக்காலேயே முடிவு செய்துவிட்டு, வேர் இல்லாத பக்கமாகத் திரும்பிக் குனிந்து, துப்புவாள். அவள் வாயில் ஒயின் இருந்த நேரத்தில் தோட்டத்துக்கு மேல் மேகம் கூடியிருக்கும், மற்ற யாருக்கும் அப்படிக் கூடியதில்லை, கருகருவென்று ஆனைக்கூட்டம் போல நிற்கும். துப்பினதும் கலைந்துவிடும். ஊரே வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, உச்சுக்கொட்டிவிட்டுக் கலையும்.

"விழுங்கணும்னு நெனைச்சுத்தான் வாயில வைக்கிறேன், தொண்டை மூடிக்கிருதே" என்று அவள் அழுதாள். ஜெசிந்தா புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் பாட்டில் பாட்டிலாக அனுப்பிவைத்தாள், எளிதாக இறங்குகிற ஒயின், பழச்சாறு மாதிரி ஒயின், குமிழி விடுகிற ஒயின். எல்லாவற்றையும் சலேத்மேரி சரியாகக் கண்டுபிடித்தாள், எல்லாவற்றையும் துப்பினாள். மூக்கைப் பிடித்துப் பார்த்தோம், முதுகில் தட்டிப் பார்த்தோம். சாமியார் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "இது பாவம் இல்லம்மா, தைரியமா விழுங்கு" என்று எழுதிக்கொடுக்காத குறையாகச் சொன்னார்.

பெருமாயிதான் உள்ளதைச் சொன்னாள். "நீ அதுக்குப் பரிட்சை வைக்கிற, சலேத்து. ஒயினு ஒன்னையப் பாத்துப் பயந்துக்கிட்டு நிக்குது. கொஞ்சம் ஒக்காரு. நல்லாருக்கா, நல்லால்லையா, அதை மட்டும் கேளு."

"நல்லாருந்தா என்ன, நல்லால்லாட்டி என்ன? எனக்கு மழை வேணும்."

"அதான் வரமாட்டேங்குது."

மாதா திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம். கொடியேற்றம் முடிந்து எட்டு நாளாகிவிட்டது, கோயில் பக்கம் ரேடியோ சத்தமாகக் கேட்டது. சலேத்மேரி தோட்டத்தில் தூணைப் பிடித்தபடி, மிச்சமிருந்த கடைசிப் பாட்டிலில் ஒரு கிளாஸ் ஊற்றி நின்றுகொண்டிருந்தாள். நாசிக் பக்கத்து மலைத்தோட்டத்துச் சிவப்பு, பெரிய பேர் ஒன்றும் இல்லை, ஆனால் அந்த வருஷம் அங்கே ஆறு கரை புரண்டது என்று ஜெசிந்தா சீட்டில் எழுதியிருந்தாள். ஒரு வாய் எடுத்தாள். மேலே மேகம் கூடியது. பெருமாயி தன் வரப்பில் ஈரல் வறுவல் கிண்ணத்தோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், நாங்கள் சிலரும் இருந்தோம். அப்போது இன்னாசிமுத்து கையில் குறடோடு வந்து, மூலைத்தூணில் கம்பியின் முதல் முறுக்கைப் பிரிக்க ஆரம்பித்தார்.

அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. குறட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "போதும் சலேத்து. நாளைக்கழிச்சு சூளைக்காரருக்குப் பதில் சொல்லணும். நான் எத்தனை நாளா மென்னு முழுங்கிக்கிட்டு இருக்கேன். கொடி செத்துப்போச்சு. நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, இல்லைன்னா இல்லைன்னு சொல்லு."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருஷமாக அந்த வீட்டில் சலேத்மேரி பதில் சொல்லாமல் இருந்தால் அதற்குச் 'சரி' என்று அர்த்தம். மகளைக் கட்டிக்கொடுத்தது, மாட்டை விற்றது, மகன் திருப்பூர் போனது எல்லாம் அவள் பேசாமலிருந்து முடிவான காரியங்கள். இப்போது அவள் வாய் நிறைய ஒயின். துப்ப வேண்டுமென்றால் திரும்ப வேண்டும், வேர் இல்லாத இடம் பார்க்க வேண்டும், குனிய வேண்டும். அதற்குள் இந்த மனுஷன் இரண்டாவது முறுக்கைப் பிரித்துவிடுவார்.

அவள் விழுங்கினாள்.

"சாகல" என்றாள். "சாகலங்கிறேன். கிள்ளிப் பாத்தீகளா ஒரு நாளாவது? யாரைக் கேட்டு முறுக்கைப் பிரிக்கிறீக? எம் பேர்ல இருக்கிற நெலம், நான் நட்ட..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். மருந்து ஞாபகத்தில் வாந்தி எடுக்கப்போகிறாள் என்று நினைத்தோம். அவள் தொண்டையில் கை வைத்துக்கொண்டாள். அவள் நாக்குக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, ஆனால் நாக்கைத் தாண்டி உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது என்று அவள் பார்த்ததே இல்லை. துவர்ப்பு இறங்கின இடத்தில் இளஞ்சூடு ஒன்று எழுந்து, நெஞ்சுக்குள் பரவி, நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு இனிப்பு கேட்காமலே பின்னாலிருந்து வந்து வாயை நிரப்பியது.

"அட" என்றாள் சலேத்மேரி.

முதல் சொட்டு குறட்டின் மேல் விழுந்தது. அவள் கவிழ்ந்து கிடந்த திராட்சைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். மேலே பார்க்கவில்லை. பெருமாயி ஓடி வந்து கிண்ணத்தை மடியில் வைத்தாள். ஒரு துண்டு ஈரல், மிளகுக் காரம் நாக்கில் இருக்கும்போதே அடுத்த வாய் ஒயின், அது காரத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு உள்ளே போனது. ஊரில் எவருக்கும் வராத மாதிரி மழை வந்தது. எங்கோ ஒரு ஆறு கரை புரண்ட வருஷத்து மழை, சிவப்பு மண் வாசத்தோடு, பேர் தெரியாத மலைக்காட்டின் இலைகளை அடித்துக்கொண்டு வந்து அந்த ஒரு ஏக்கர் மேல் நின்று பெய்தது. இன்னாசிமுத்து நனைந்தபடி, "ஏ, சளி பிடிக்கும்டி, உள்ள வா" என்றார். அவள் ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள், பேசாதீர்கள் என்று. வாயில் இன்னும் இருந்தது. நாற்பது நிமிஷம் பெய்தது என்று கடிகாரம் கட்டியிருந்தவர்கள் சொன்னார்கள்.

"நல்லாருக்குங்க இது" என்று கடைசியில் சொன்னாள். அவர் குறட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, பிரித்த ஒரு முறுக்கைத் திரும்ப முறுக்கினார்.

ஒன்பதாம் நாள் துளிர்த்தது. சூளைக்காரருக்கு வேறு இடம் கிடைத்தது. ஐப்பசி மழையும் அந்த வருஷம் எங்களை ஏமாற்றியது, ஆனால் வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் சலேத்மேரி உட்கார்ந்து குடித்தாள், ஒரு கிளாஸுக்கு மேல் ஒருநாளும் இல்லை, மழைக்காக என்று சொல்லிக்கொண்டு குடித்ததும் கொஞ்ச நாள்தான். தை மாதம் குலைகள் கறுத்துத் தொங்கின. நுனிப்பழத்தைக் கடித்தாள், பழக்கத்தில் துப்பினாள், "நாளைக்குப் பறிங்க" என்றாள். பாதியை லாரி கொண்டுபோனது. பாதியை அவள் நிறுத்திவைத்துக்கொண்டாள். பறிப்புக்கு முன் ஒன்றரை மாதம் மருந்தே அடிக்காமல் விட்ட பந்தல் அது. கழுவி, உலர்த்தி, பெருமாயியும் நாங்களும் சுத்தமான காலால் மிதித்து, சர்க்கரை ஒரு சிட்டிகை கூடப் போடாமல் ஆறு ஜாடியில் ஊற்றி, துணி கட்டி வைத்தோம். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் முழுக்க அது உள்ளே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள் பிற்பகல் நான்கு மணிக்கு முதல் ஜாடி திறப்பது என்று முடிவானது. சம்மனசுபட்டியின் சொந்த ஒயின், சொந்த மழை. இத்தனை ஊர் மழையைக் குடித்து வளர்ந்த திராட்சை, இதற்குள் எப்பேர்ப்பட்ட மழை இருக்குமோ என்று ஊரே பேசியது. நாங்கள் எல்லோரும் சலேத்மேரியின் பந்தலுக்குக் கீழே குடையோடு போய் உட்கார்ந்தோம். சாமியார் ரெயின்கோட் போட்டுக்கொண்டு வந்தார். தலைவர் குடும்பத்தோடு வந்தார். ஜெசிந்தா இரண்டு நாள் லீவு போட்டு வந்திருந்தாள். சலேத்மேரி கிளாஸை வெயிலுக்குக் காட்டினாள், நாவல்பழ நிறம். முகர்ந்தாள். நாங்கள் குடையை விரித்தோம். அவள் ஒரு வாய் எடுத்து, நாக்கில் வைத்திருந்து, விழுங்கினாள்.

மழை வரவில்லை. வெயில் வந்தது.

பந்தலின் இலைகளைத் தாண்டி, விரித்த குடைகளைத் தாண்டி, அந்த ஆனியும் ஆடியும் அப்படியே வந்து இறங்கின. எங்களுக்கு அந்த வெயிலை அடையாளம் தெரிந்தது. ஆழ்துளையிலிருந்து புழுதி வந்த நாளின் வெயில், கொடியெல்லாம் மொட்டைக் கயிறாகத் தொங்கின வெயில், மாடுகள் வாயைத் திறந்துகொண்டு நின்ற வெயில். ஒவ்வொருவராகக் குடையை மடக்கினோம். எத்தனை ஊர் மழையைக் கடன் வாங்கி ஊற்றினாலும் அந்த வருஷம் எங்கள் ஊரில் விளைந்தது இதுதானே என்று எங்களுக்குப் புரிந்தது, புரிந்ததில் மனசு கனத்தது. சாமியார் ரெயின்கோட்டுக்குள் வியர்த்து வழிந்தார். இன்னாசிமுத்து எழுந்து மனைவி பக்கம் வந்தார். "துப்பிரு சலேத்து, வேணாம்" என்றார் மெதுவாக. "அது போன வருஷத்தோட போகட்டும்."

அவள் துப்பவில்லை, துப்ப வாயில் ஒன்றும் இல்லை, ருசிதான் இருந்தது. அது முடிகிறவரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வியர்வை அரும்பி, மூக்கு வழியாக இறங்கி, உதட்டில் நின்றது. அவள் முகத்தை நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம், அழப்போகிறாளோ என்று. வெயில் மெல்லத் தணிந்து, சாதாரணச் சித்திரை மாதத்துப் பிற்பகல் திரும்பி வந்தது.

"இந்த வெயிலா நம்மளக் கொல்லப் பாத்துச்சு?" என்று கேட்டாள்.

அவர் அவள் கையிலிருந்த கிளாஸை வாங்கி, அடியில் மிச்சமிருந்ததைக் குடித்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக மடக்கென்று விழுங்காமல். தோட்டத்து வாசலில் நின்ற அவருடைய மொபெட்டின் சீட்டில் கை வைத்துப் பார்த்த ஒருவர் சுடுகிறது என்று கையை உதறினார். இன்னாசிமுத்து ருசி இறங்கும்வரை வாயை மூடிக்கொண்டே நின்றார். கண் கலங்கியிருந்தது, மறைக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அப்ப எனக்கு இன்னொரு வாய் ஊத்துங்க" என்றாள் சலேத்மேரி.